எங்கள் ஊரில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் தோட்டங்களால் எழுந்த ஊர். கடைத்தெருவைத் தாண்டினால் ஒரு காலத்தில் பால்மரம் எனப்படும் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டை விட்டு, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். மூத்தவள் இப்போது படிவம் இரண்டில், அதாவது இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டில்; இளையவன் ஆரம்பப்பள்ளியின் நான்காம் ஆண்டில். முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கும்போதெல்லாம் கோயில் வாசலிலும் சந்தையிலும் இளம் பெற்றோர் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்களுக்கு என்னென்ன வாய்ப்புகள் உள்ளன?

அரசாங்க ஆரம்பப்பள்ளி மூன்று வகைப்படும். மலாய்மொழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளி, மாண்டரினில் கற்பிக்கும் சீனப்பள்ளி, தமிழில் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி. மூன்றிலும் ஆறு ஆண்டுப் படிப்பு. மூன்றும் கல்வி அமைச்சின் கலைத்திட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன. மலாய்மொழியும் ஆங்கிலமும் மூன்றிலும் கட்டாயப் பாடங்கள். தமிழ்ப்பள்ளியில் ஏதோ தனிப் பாடத்திட்டம் நடக்கிறது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

சேர்க்காமல் விடுவதற்கு மட்டும் வழியில்லை. 2003 முதல் ஆரம்பக் கல்வி சட்டப்படி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஈப்போவில் நல்ல பள்ளி என்கிறார்கள். அங்கே அனுப்பலாமா?

ஈப்போ இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெரியவர்களுக்கு அது தூரமே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது வேறு கணக்கு.

என் தங்கை தன் மகனை நகரத்தில் பெயர்பெற்ற ஒரு தேசியப் பள்ளியில் சேர்த்தாள். பள்ளி ஏழரைக்குத் தொடங்கும். வேன் வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் இவன் ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டும். ஐந்து மணிக்கு எழுப்பினால் பால் குடிக்கமாட்டான். வேனில் தூங்குவான். பிற்பகல் இரண்டரைக்கு வீடு திரும்பி, சட்டையைக் கழற்றாமலே மறுபடி தூங்குவான். வகுப்பில் அவனுக்குச் சேர்ந்த நண்பர்கள் எல்லாரும் ஈப்போவில் இருந்தார்கள். மாலையில் பந்து விளையாட இங்கே யாரும் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும், என் தங்கை கணவருக்கு ஆலையில் விடுப்புக் கிடைக்காது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளிக்குள் அவர்கள் கால்வைத்தது மூன்று முறை.

பள்ளியில் குறை என்று நான் சொல்லவில்லை. தூரம்தான் அந்தப் பிள்ளையைத் தின்றது. பள்ளியைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்து மணிக்கு அழைப்பு வந்தால் யார், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்வீர்கள்? அரை மணி நேரத்துக்குள் போக முடியாத பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு ஏற்றதா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் மலாய்மொழியில் பின்தங்கிவிடுவானே?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். "அக்கா, நானே தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குப் போய் முதல் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை" என்று கண்கலங்கச் சொன்ன தகப்பனை எனக்குத் தெரியும். அவர் சொன்னது பொய்யில்லை. அதை மூடிமறைத்துவிட்டுத் "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று முழங்குவதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

நிலைமை இதுதான். அரசாங்க இடைநிலைப்பள்ளியில் பாடங்கள் மலாய்மொழியில் நடக்கும். தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் படித்து மலாய்மொழியில் போதிய அடைவு பெறாத மாணவர்கள், படிவம் ஒன்றுக்கு முன் பெராலிஹான் எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் சோர்ந்துபோகும் இடங்களில் அந்த ஓராண்டும் ஒன்று. கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட, தான் மட்டும் நின்றுவிட்டதாக ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை நினைக்கிறான்.

ஆகவே, தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதே நாளில் மலாய்மொழிக்கான பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆறாம் ஆண்டில் டியூஷனுக்கு அனுப்பிச் சரிசெய்துவிடலாம் என்று காத்திருந்தால் தாமதம். முதலாம் ஆண்டிலிருந்தே ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் மலாய்க் கதைப்புத்தகம் ஒன்றை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடவிடுங்கள். கடையில் சாமான் வாங்கும்போது பேசும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

என் மகளுக்கு ஐந்தாம் ஆண்டில் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டுக்கொடுத்தேன், பக்கத்துக்கு மூன்று பத்திகள். கணிதம், அறிவியல் பாடங்களில் வரும் சொல் ஒவ்வொன்றையும் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுவாள். பின்னம் என்றால் பெச்சாஹான், பரப்பளவு என்றால் லுவாஸ், விசை என்றால் டாயா. படிவம் ஒன்றில் ஆசிரியர் டாயா என்றதும் அவளுக்குள் விசை என்ற சொல் எழுந்து நின்றது. பொருள் ஏற்கனவே தெரியும், பெயர்தான் புதிது. தாய்மொழியில் ஒன்றை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அதை வேறு மொழிக்குக் கொண்டுபோவது இவ்வளவு எளிது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

யுபிஎஸ்ஆர் தேர்வு போய்விட்டதே. எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 1988 முதல் நடந்த யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. எத்தனை பேருக்கு எல்லாப் பாடங்களிலும் ஏ என்று நாளிதழில் படம் போடும் காலம் முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை; அந்த எண்ணிக்கை ஒரு பள்ளியின் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றித்தான் சொன்னது. கடைசி மேசையில் இருந்தவர்களைப் பற்றி அது வாய்திறக்கவில்லை.

இப்போது வகுப்பறை மதிப்பீடு நடக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படும். 3 என்பது குறைந்தபட்சம் எட்ட வேண்டிய நிலை. நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. இவை பெற்றோரிடம் கொடுப்பதற்கானவை. பள்ளிகளை வரிசைப்படுத்த உதவா. நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

நேரில் போனால் என்ன பார்ப்பது?

விளையாட்டு விழாவன்று போகாதீர்கள். அன்று எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை, முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஓய்வு நேரத்தை ஒட்டிப் போங்கள்.

முதலில் மாணவர் கழிப்பறை. வெட்கப்படாமல் எட்டிப்பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா? நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிறகு சிற்றுண்டிச்சாலை, அங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது. பிறகு நூலகம். புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருக்கின்றனவா, முனை மடங்கி அழுக்கேறி இருக்கின்றனவா? அழுக்கான புத்தகமுள்ள பள்ளி எனக்குப் பிடிக்கும்.

தெரிந்தவர் பிள்ளையின் பயிற்சிப் புத்தகம் கிடைத்தால் புரட்டுங்கள். பிழையைச் சுழித்துவிட்டு நகர்ந்திருக்கிறாரா, பிள்ளை திருத்தி எழுதியதை மறுபடி பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறாரா? இதில் ஓர் ஆசிரியரின் மனம் தெரியும்.

தலைமையாசிரியரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். கடந்த ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் பெராலிஹானுக்குப் போனார்கள்? இரண்டாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத பிள்ளைக்கு இங்கே என்ன செய்கிறீர்கள்? முதல் கேள்விக்கு எண்ணைச் சொல்பவரும், இரண்டாவதற்குக் குறைநீக்கல் வகுப்பு எந்த நேரத்தில், எந்த ஆசிரியரால் நடத்தப்படுகிறது என்று சொல்பவரும் தம் பள்ளியை அறிந்தவர். "எல்லாரும் நன்றாகப் படிக்கிறார்கள்" என்ற பதில் மட்டும் கிடைத்தால் அதற்கு மேல் நானாக இருந்தால் விசாரிப்பேன்.

தோட்டப் பள்ளியில் மொத்தமே ஐம்பது மாணவர்கள். அங்கே சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது.

150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பெரும் பங்கு அந்த வகைதான். எனவே சிறிய பள்ளி என்றாலே கைவிடப்பட்ட பள்ளி என்று எண்ண வேண்டாம்.

எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை. என் இளையவன் கூச்சக்காரன். நாற்பது பேர் வகுப்பில் இருந்திருந்தால் அவனுக்குப் படிக்க வரவில்லை என்பது கண்டுபிடிக்கப்படவே ஓராண்டு ஆகியிருக்கும். இங்கே மூன்றாவது வாரத்தில் ஆசிரியை என்னை அழைத்து, "இவன் பார்த்துப் படிக்கவில்லை, கேட்டு மனப்பாடம் செய்கிறான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எண்ணிக்கை மிகவும் சுருங்கினால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்து இணைப்பு வகுப்பு நடத்துவார்கள். திறமையான ஆசிரியர் கையில் அது நன்றாக நடக்கும், புதியவர் கையில் தடுமாறும். பந்துக்குழுவுக்கு ஆள் சேராது. ஓர் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனால் பள்ளி முழுதும் அதை உணரும். ஒரே வயதில் ஒத்த நண்பன் கிடைக்காமலும் போகலாம். இணைப்பு வகுப்பு உண்டா, எந்த ஆண்டுகளை இணைக்கிறார்கள் என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அப்படியும் சொல்கிறேன்: ஐம்பது பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் வீட்டு நிலையையும் அறிந்த தலைமையாசிரியர் இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு அங்கே சேர்ப்பேன்.

அந்தப் பள்ளி மூடப்பட்டுவிட்டால்?

இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. இந்நாட்டில் தமிழ் வகுப்பு முதலில் தொடங்கியது பினாங்கு ஃபிரீ ஸ்கூலில், 1816-இல். ஆனால் நம் ஊர்ப்புறப் பள்ளிகளின் பிறப்பு தோட்டத்தில். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். என் பாட்டி அப்படிப்பட்ட ஒன்றில் மூன்றாண்டு படித்துவிட்டுப் பால்வெட்டப் போனவர்.

பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துவிடாமல் இருக்க, எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். ஆனாலும் மக்கள் ஊருக்கும் நகருக்கும் பெயர்வது நிற்கவில்லை. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். எல்பில், டவன்பி என்று தோட்டப் பெயரோடு நிற்கும் பள்ளிகளைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

ஆள் குறைந்த பள்ளியை உடனே மூடுவதை விட, மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு அதை இடம் மாற்றுவதற்குத்தான் இப்போது சமூகம் போராடுகிறது. உங்கள் பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துடையதா, தோட்டத்துடையதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேளுங்கள். கட்டடப் பழுதுக்கும் விரிவாக்கத்துக்கும் அந்த விடை முக்கியம்.

சீனப்பள்ளி எப்படி?

மாண்டரின் தெரிந்தால் வேலைவாய்ப்புக்கு உதவும், ஒழுங்கும் நன்றாக இருக்கும் என்பதற்காகச் சேர்க்கிறார்கள். நன்றாகப் படித்து வந்த நம் பிள்ளைகளும் உண்டு. ஆனால் வீட்டுப்பாடத்தில் உங்களால் ஒரு வரிகூட உதவ முடியாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். சீனப் பாலர் பள்ளியில் ஓரிரு ஆண்டு இருந்து, எழுத்துகளை அறிந்த பிள்ளைக்கு வழி எளிது. நேராக முதலாம் ஆண்டில் கொண்டுபோய் விடுவது பிள்ளையைத் தண்ணீரில் தள்ளுவதற்குச் சமம்.

தேசியப் பள்ளியில் சேர்த்தால் தமிழ் படிக்க முடியாதா?

முடியும், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம்தருகிறது. பதினைந்து பேரைத் திரட்டி, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, ஆசிரியர் வரும்வரை விடாமல் நச்சரிக்க யாராவது ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கத் தயாரா என்று பாருங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் இதே வேலை உண்டு. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்பிஎம் பொதுத்தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்கலாம், வகுப்பு நடந்தால்.

இருமொழித் திட்டம் என்கிறார்களே?

2016-இல் தொடங்கிய டிஎல்பி திட்டம். அதில் சேர்ந்த பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும். சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. அதனால் தமிழ்ப்பள்ளியின் அடித்தளமே ஆட்டம் காணும் என்று எதிர்ப்பும் எழுந்தது. என் மனமும் அந்தப் பக்கம்தான். கணிதமும் அறிவியலும் போய்விட்டால் தமிழ் வெறும் மொழிப்பாடமாகச் சுருங்கிவிடும். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசாங்கப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. பாடநூல் இரவலாகக் கிடைக்கும், ஆண்டிறுதியில் கிழிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளித் தொடக்க உதவியாக 150 ரிங்கிட் வருகிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே இலவச உணவு உண்டு. கூச்சப்பட்டு அந்தப் படிவத்தை நிரப்பாமல் விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிரப்புங்கள், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

பெரிய செலவு வேன்தான். பயிற்சிப் புத்தகம், சீருடை, காலணி அதற்கு அடுத்து.

பதிவுக்கு என்ன வேண்டும்? பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால்?

கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பதிந்து, படிவத்தை அச்செடுத்துப் பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, வீட்டு முகவரியைக் காட்டும் தண்ணீர் அல்லது மின்சாரக் கட்டண ரசீது ஆகியவற்றோடு பள்ளியில் கொடுக்க வேண்டும். இணையம் கைவராதவர்கள் பள்ளி அலுவலகத்துக்கே போகலாம், உதவுவார்கள்.

திருமணப் பதிவு செய்யாததால் பிள்ளையின் குடியுரிமை தொங்கலில் நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. வெட்கத்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், ஆவணங்களைச் சரிசெய்யும்வரை நிபந்தனையோடு பள்ளியில் சேர்க்க வழி உண்டு. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு இருப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நானே நான்கு முறை போயிருக்கிறேன்.

பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதம், அல்லது வேறு சிறப்புத் தேவை. என்ன செய்வது?

மருத்துவமனையில் மதிப்பீட்டை இப்போதே தொடங்குங்கள், ஏழு வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் அரசாங்கப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது கொள்கை. சிறப்புக் கல்வி வகுப்பு எந்தப் பள்ளியில் உள்ளது என்று மாவட்டக் கல்வி அலுவலகம் சொல்லும். அது தமிழ்ப்பள்ளியாக இல்லாவிட்டால், இந்த ஒரு நிலையில் மட்டும் நான் மொழியை இரண்டாவதாக வைப்பேன்.

சேர்த்த பிறகு மனம் மாறினால், நடுவில் பள்ளி மாற்றலாமா?

மாற்றலாம், இடம் இருந்தால். மூன்றாம் ஆண்டுக்குள் மாற்றுவது பிள்ளைக்குச் சுமை குறைவு. தேசியப் பள்ளியிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு வருபவருக்கு 247 எழுத்துகளும் ஒரே மூச்சில் வந்து நிற்கும், அதற்கு வீட்டில் ஒருவர் தினமும் உட்கார வேண்டும்.

என் தங்கை மகனை மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். மலாய்மொழியில் வகுப்பிலேயே அவன்தான் முதல். தமிழில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு குறைநீக்கல் வகுப்பில் அமர்ந்தான். ணகர னகரம் பிடிபட இரண்டு மாதம், கொம்பும் காலும் இடம் மாறாமல் எழுத இன்னும் இரண்டு மாதம். என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அவனுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாண்டுப் படிப்பு அவருக்கு அப்போது பயன்பட்டது. இப்போது அவன் வேன் ஏறுவது காலை ஏழு மணிக்கு.